வண்டி நிற்கிற இடத்தில் பிள்ளையும் ஓடும்: ஷட்டர், கேட் பற்றி வாசகர் கேள்விகள்

வடசென்னையில் கார் நிறுத்தத் தனி அறை கட்டி வாழ்கிறவர்கள் குறைவு. கீழே வண்டி, மேலே குடித்தனம், தெருவைப் பார்த்து ஒரு ரோலிங் ஷட்டர் அல்லது ஸ்லைடிங் கேட். இதுதான் இங்கே பெரும்பாலான வீடுகளின் அமைப்பு. அந்தக் கீழ்த்தளத்தில்தான் பிள்ளைகள் விளையாடும், வடாம் காயும், பாட்டி காற்றுக்கு உட்காருவார். ஷட்டர், கேட் பாதுகாப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்து, ஷட்டர் வேலையும் வெல்டிங்கும் மின்வேலையும் தெரிந்தவர்கள் சேர்ந்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஷட்டர் 10 அடி அகலம், 8 அடி உயரம். போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் மாமியாரே ஒரு கையால் ஏற்றிவிடுவார். இப்போது எனக்கே இரண்டு கை வேண்டியிருக்கிறது. பாதியில் விட்டால் தானாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?
— வாசகி, ராயபுரம்

ஆகாது. நீங்கள் சொல்லும் அளவில், 20 கேஜ் தகடாக இருந்தால், உங்கள் ஷட்டர் சுமார் 80 முதல் 100 கிலோ இருக்கும். அதை மாமியார் ஒரு கையால் ஏற்றினார் என்றால், தூக்கியது மேலே பைப்பில் கோத்திருக்கும் ஸ்பிரிங். ஷட்டர் இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும்; ஏற்றும்போது அந்த முறுக்குதான் எடையைத் தூக்கும். முறுக்கு போனால் 80 கிலோவும் உங்கள் கைக்கு வந்துவிடும். கை நழுவினால் கீழே இருப்பவர் தலைக்கு வரும்.

கோளாறு ஸ்பிரிங்கிலா, உரசலிலா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏற்றவும் கனம், இறக்கவும் கனம் என்றால் அது உரசல்: கைடு சேனல் (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கத் தடம்) வளைந்திருக்கும், மண் அடைத்திருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். ஏற்றத்தான் கனம், இறக்கும்போது ஓடி வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங். உங்களுடையது இரண்டாவது வகை.

நல்ல ஷட்டருக்கு ஒரு சோதனை உண்டு. பெரியவர்கள் இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, அடிப்பட்டையை இடுப்புயரத்தில் நிறுத்த வேண்டும். பிடியை விட்டுவிடாமல் விரலை மட்டும் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வெடுக்கென்று மேலே ஓடினால் யாரோ அளவுக்கு மேல் முறுக்கேற்றிவிட்டார்கள். அதுவும் ஆபத்துதான், கைப்பிடியோடு ஆளையும் இழுக்கும். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

இந்த அகலத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங் இருக்கும். ஒன்று முறிந்தாலும் மற்றது கொஞ்ச நாள் தாங்கும். ராத்திரியில் யாரும் தொடாமலே ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டு, மறுநாளிலிருந்து ஷட்டர் கனத்தால் அதுதான் கதை. கடலோரத்தில் இது சீக்கிரம் நடக்கும். உப்புக்காற்றில் ஸ்பிரிங்கின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு விழும், அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

பழுது பார்க்கும்வரை ஷட்டரை இறக்கிப் பூட்டி வையுங்கள். திறந்து வைத்தே ஆகவேண்டும் என்றால், முழுக்க ஏற்றிய நிலையில் அடிப்பட்டைக்குக் கீழே வருகிற மாதிரி இரு பக்கக் கைடிலும் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் 12 மி.மீ. கம்பி ஒன்றைக் குறுக்கே செருகச் சொல்லுங்கள். பலர் மூங்கில் கழியையோ தொடப்பக்கட்டையையோ முட்டுக் கொடுக்கிறார்கள். பிள்ளை ஓடிவந்து இடித்தால் கழி சாயும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் மாற்றுவது வீட்டு ஆள் செய்கிற வேலை இல்லை. ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு அதிகம். அந்த நேரத்தில் பைப்பைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டின் நட்டைக் கழற்றினால் பைப் சுழன்று கையை முறித்துவிடும். வருகிற ஆள் ஷட்டரை முழுக்கச் சுருட்டி ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு, மிச்சமுள்ள முறுக்கையும் பைப் ரெஞ்சால் அடக்கிப் பிடித்தபடிதான் மேலே கை வைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்பிரிங் போனால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் ஒரு பக்கம் முந்தும், ஷட்டர் கோணலாக ஏறும்.

ராயபுரத்தில் பழைய வீடு என்பதால் இன்னொன்று. சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. போட்ட அன்று இறுகின மாதிரி இருக்கும், ஆட ஆடக் காரை பொடிந்து ஓட்டை பெரிதாகும். பிராக்கெட்டுக்குச் சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு, உள்பக்கம் கனமான இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். கையால் தள்ளும் ஷட்டர் 8 சதுர மீட்டரைத் தாண்டினால் பால் பேரிங் வேண்டும், 12-ஐத் தாண்டினால் கியர் வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. உங்களுடையது 7.4. எல்லையை ஒட்டியிருக்கிறது, மாமியாரும் கையாளுகிறார், பேரிங்கே போட்டுவிடலாம்.

கைடில் கிரீஸ் தடவலாமா? மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலே போதும் என்கிறார்.
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இரண்டும் வேண்டாம். தெருப்புழுதி அதில் ஒட்டிக் கொஞ்ச நாளில் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கைடைத் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். இல்லாவிட்டால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், அதுவே போதும். ஸ்பிரிங்குக்கு மெல்லிய மெஷின் ஆயில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

எங்கள் அடுக்ககத்தில் 14 அடி ஸ்லைடிங் கேட். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் அதில் தொற்றிக்கொண்டு ரயில் ஓட்டுகிறார்கள். வாட்ச்மேன் சொன்னாலும் கேட்பதில்லை. கேட் ஓடும்போது மேல்பகுதி லேசாக ஆடுகிறது. பயப்பட வேண்டியதா?
— வாசகி, திருவொற்றியூர்

வேண்டியதுதான். வந்த கேள்விகளிலேயே உடனே வேலை நடக்க வேண்டியது உங்களுடையது.

14 அடிக்கு 6 அடி கேட்டில் 2 மி.மீ. தகடு அடித்திருந்தால் தகடு மட்டுமே 120 கிலோவுக்கு மேல் வரும். சட்டமும் சேர்த்தால் சுமார் 200. இந்த எடையைக் கீழே இரண்டு சக்கரம் தாங்குகிறது. சாயாமல் பிடிப்பது மேலே தூணில் இருக்கும் நைலான் ரோலர் ஜோடி மட்டும். ரோலர் தேய்ந்தாலோ, அதைத் தாங்கும் பிராக்கெட் துருப்பிடித்தாலோ கேட் சாயத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் ஆட்டம் அதுதான்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. மூடும் திசையில் ஸ்டாப்பர் இல்லாத கேட்டை வேகமாகத் தள்ளினால், அதன் பின்முனை, அதாவது வால்பகுதி, ரோலரைத் தாண்டி வெளியே வந்துவிடும். அப்போது மேலே எதுவுமே பிடிக்கவில்லை. 6 அடி உயரக் கேட் 6 அடி தூரத்துக்குப் படுக்கும். உள்பக்கம் விழலாம், தெருப்பக்கமும் விழலாம். இங்கே கேட் சரிந்து பிள்ளைகள் சாகும் செய்தி வருகிறதே, அதில் திரும்பத் திரும்ப இருப்பது இந்த ஸ்டாப்பர் விஷயம்தான்.

இன்றைக்கே போய்ப் பாருங்கள். இரு முனையிலும் ஸ்டாப்பர் இருக்கிறதா? தண்டவாளத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருந்தால் அதை ஸ்டாப்பர் என்று எண்ண வேண்டாம். சக்கரம் ஏறிக் குதிக்கும், அல்லது பற்று விட்டுப்போகும். தரையில் ஆங்கிள் துண்டு ஒன்று 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டோடு கான்கிரீட்டில் இறங்க வேண்டும். மார்பளவு உயரத்தில் தூணில் இன்னொன்று, ரப்பர் வைத்து. கேட் முழுக்க மூடிய நிலையிலும் அதன் வால் ஒரு அடியாவது ரோலருக்குப் பின்னால் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் கேட்டுக்கு வால் சட்டம் நீட்டிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ரோலர் ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடி, இரண்டடி இடைவெளியில். ஒன்று உடைந்தாலும் மற்றது பிடிக்கும்.

பெரியவர் ஒருவர் கேட்டின் முனைப்பக்கம் நின்று (எதிரே நிற்கக் கூடாது, விழுந்தால் மேலே விழும்) மேல்பகுதியை ஆட்டிப் பார்க்கலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் வெல்டர் வரும்வரை கேட்டை மூடி, தூணோடு சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள். வண்டிகள் ஒரு நாள் தெருவில் நிற்கட்டும்.

தொற்றுகிற பழக்கத்துக்கு வாட்ச்மேனை நம்பிப் பயனில்லை. கால் வைக்க இடம் இருப்பதால்தான் ஏறுகிறார்கள். குறுக்குச் சட்டங்களை மறைத்து 4 அடி உயரம்வரை கம்பி வலையோ தகடோ அடித்துவிட்டால் ஏற முடியாது. கம்பி இடுக்கில் கைவிட்டு, கேட் ஓடும்போது சுவரோடு கை நசுங்குவதும் நிற்கும்.

மோட்டார் ஷட்டர் போட்டோம். சென்சாருக்குத் தனியாகக் காசு ஆகும், வீட்டுக்கு அது தேவையில்லை, எதிலாவது இடித்தால் மோட்டார் தானே நிற்கும் என்று போட்டவர் சொன்னார். ஐந்து வயதில் பேத்தி இருக்கிறாள்.
— வாசகர், கொளத்தூர்

‘தானே நிற்கும்’ என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். ஒரு அட்டைப் பெட்டியை ஷட்டருக்குக் கீழே வைத்து இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டி நசுங்கும்.

ஏன் என்றால், பைப்புக்குள் இருக்கும் டியூபுலர் மோட்டார் ஷட்டரைத் தள்ளுவதில்லை, சுற்றை அவிழ்த்துவிடுகிறது. கீழே அழுத்துவது ஷட்டரின் சொந்த எடை. அடிப்பட்டை எதன்மேலாவது உட்கார்ந்தாலும் மோட்டாருக்கு அது பெரிதாகத் தெரியாது, சுமை குறைந்ததாகவே படும். அதுபாட்டுக்கு அவிழ்க்கும், மேலே பட்டைகள் தொளதொளவென்று சரிந்து அத்தனை எடையும் கீழே மாட்டியதன்மேல் இறங்கும்.

அமெரிக்காவில் 1993 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்குத் தடை உணரும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். அங்கே கதிர் சென்சாரை (குறுக்கே போகும் ஒளிக்கதிரை எதுவும் மறித்தால் கண்டுகொள்வது) தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒன்றரை அங்குலக் கட்டையைத் தொட்டால் கதவு இரண்டு விநாடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். உங்களிடம் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த அளவுகளைப் பயன்படுத்தத் தடையில்லை.

கதிர் சென்சார் ஒரு ஜோடி, தரையிலிருந்து 6 அங்குலத்தில். முடிந்தால் இன்னொரு ஜோடி ஒன்றரை அடியில், ஸ்கூட்டரையும் நிற்கும் பிள்ளையையும் அது பிடிக்கும். கதிர் ஒரே கோட்டில்தான் போகும். அதற்கு அரை அடி முன்னாலோ பின்னாலோ இருக்கும் கையை அது பார்க்காது. அதனால் அடிப்பட்டையில் சுவிட்ச் வைத்த ரப்பர் விளிம்பும் வேண்டும். தொட்ட மாத்திரத்தில் ஷட்டர் நின்று மேலே ஏறும். உங்கள் கண்ட்ரோல் பெட்டி இவற்றை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். ஏற்காவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.

அதற்கெல்லாம் இப்போது காசு இல்லையென்றால், அதிகச் செலவில்லாமல் ஒரு வழி. ரிமோட்டில் ‘ஏறு’ மட்டும் வேலை செய்யட்டும். ‘இறங்கு’ என்பதைச் சுவர் சுவிட்சுக்கு மாற்றி, விரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் இறங்கும், விட்டால் நிற்கும் என்று வைக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் ஷட்டரைப் பார்க்கிற இடத்தில், தரையிலிருந்து 5 அடி உயரத்தில். மாடியில் காபி குடித்துக்கொண்டே ஷட்டரை மூடும் வசதி போய்விடும். அந்த வசதிதான் ஆபத்தே.

இன்னொரு சின்ன விஷயம்: மோட்டார் போட்ட பிறகு பழைய பக்கப் பூட்டையும் வைத்திருக்கிறீர்களா? பூட்டியிருக்கும்போது யாராவது ரிமோட்டை அமுக்கினால் பட்டைகள் மடங்கிவிடும். கழற்றிவிடுங்கள், அல்லது பூட்டினால் மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி சுவிட்ச் இணையுங்கள்.

நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் மோட்டார் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானே சரியாகிறது. கோளாறா?
— வாசகர், வியாசர்பாடி

இல்லை. டியூபுலர் மோட்டார்கள் பொதுவாகத் தொடர்ந்து நாலு நிமிஷம்வரை ஓடும்படி செய்யப்பட்டவை. சூடேறினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடுகிறார்களா என்று பாருங்கள். அப்படி இல்லாமல் ஒரே தடவையில் நின்றால், ஷட்டர் எங்கோ இறுகி மோட்டார் திணறுகிறது.

கம்பி வைத்த கிரில் ஷட்டரில் பேரனின் விரல் மாட்டி நகம் போய்விட்டது. இனி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம்? மாட்டினால் முதலில் என்ன செய்வது?
— வாசகர், காசிமேடு

கிரில் ஷட்டரில் இரண்டு இடம் விரலைப் பிடிக்கும். ஒன்று, மேலே பெட்டிக்குள் சுருண்டு போகும் இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டே தொங்கும் பிள்ளையின் கை அங்கே போய்விடும். இன்னொன்று கைடின் வாய். மேல் பெட்டிக்கு உள்பக்கமும் தகடு மூடி போடுங்கள். பல வீடுகளில் தெருப்பக்கம் மட்டும் மூடி, உள்ளே அப்படியே திறந்து கிடக்கும். கீழே 4 அடிவரை கிரிலுக்குப் பதில் மூடிய பட்டையாக மாற்றிக்கொள்ள முடியும்.

சாதாரணப் பட்டை ஷட்டரிலும், கைப்பிடி இல்லாததால் பட்டையின் மடிப்பில் விரலை விட்டு இழுக்கிறார்கள். பட்டை சுருளும்போது அந்த மடிப்பு இறுகும். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று அடிப்பட்டையில் போல்ட் போட்ட கைப்பிடி வையுங்கள். எட்டாதவர்களுக்குக் கொக்கிக் கம்பி. காலால் மிதித்து இறக்கும் பழக்கத்தை வீட்டில் யாருக்கும் விடாதீர்கள். கியர் ஷட்டராக இருந்து சங்கிலி தொங்கினால், அதைச் சுருட்டி 5 அடிக்கு மேல் மாட்டிவையுங்கள். தொங்கும் சங்கிலி வளையம் சிறு பிள்ளையின் கழுத்துக்கு எமன்.

விரல் மாட்டினால் இழுக்க வேண்டாம். ஷட்டர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதற்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்த்துங்கள். மேலே சுருளும்போது மாட்டியிருந்தால் இறக்க வேண்டும். பதற்றத்தில் இன்னும் ஏற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். துண்டு பிரிந்துவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கை அறுவைச் சிகிச்சைக்கென்று அங்கே பேர்பெற்ற தனிப் பிரிவு உண்டு. வேறெங்கும் சுற்றாமல் நேரே அங்கே போங்கள்.

ஆளே ஷட்டருக்குக் கீழே சிக்கினால் கூட்டம் சேர்ந்து இழுக்கக் கூடாது. கார் ஜாக்கி இருந்தால் அடிப்பட்டைக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, தூக்கத் தூக்க இரு பக்கமும் செங்கல் அடுக்குங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கடல் பக்கம் என்பதால் ஷட்டர் இரண்டே வருஷத்தில் துருப்பிடிக்கிறது. பெயின்ட் அடித்தாலும் உரிகிறது.
— வாசகர், எண்ணூர்

பெயின்ட் உரிகிறது என்றால், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டின்மேல் நேராக ரெட் ஆக்சைடோ எனாமலோ அடித்திருப்பார்கள். அது பிடிக்காது. உரிந்ததைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தி, முதலில் எட்ச் பிரைமர், அதன்மேல் எப்பாக்சி பிரைமர், கடைசியில் வண்ணம். வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அங்கே மட்டும் துத்தநாகம் கலந்த பெயின்டை முதலில் தொட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் ஷட்டரைக் கழுவுவது எந்தப் பெயின்டையும்விட அதிகம் உழைக்கும். நல்ல தண்ணீர் என்று சொல்லக் காரணம், உங்கள் பக்கத்தில் மீஞ்சூர்வரைக்கும் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுகிற கதை. மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர்.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. பட்டைகளின் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும் கிளிப்கள்தான் பட்டை பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பவை. முதலில் இற்றுப்போவது அவையும், கைடின் அடிப்பாகம் அரை அடியும்தான். அவை போன பிறகு புயல்காற்று ஷட்டரை உப்பச் செய்தால் பட்டை கைடிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கைடு மாற்றும்போது ஆழம் 65 மி.மீ.க்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். மூன்றரை மீட்டருக்கு மேல் அகலம் என்றால் 75.

மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டியை எடுக்க ஷட்டரைத் திறக்க முயன்றோம், நகரவே இல்லை. மோட்டாரும் போய்விட்டது. அடுத்த மழைக்கு என்ன செய்வது?
— வாசகர், புளியந்தோப்பு

திறக்காமல் போனதே நல்லது. வெளியே 2 அடி தண்ணீர், உள்ளே காய்ந்த தரை என்றால் 10 அடி அகல ஷட்டரின்மேல் சுமார் 550 கிலோ எடைக்குச் சமமான தள்ளு இருக்கும். பட்டைகள் கைடோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டாரைப் போட்டால் அது எரியும். கடப்பாரை போட்டு நெம்பினால் திறந்த நொடியில் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். இரு பக்கமும் மட்டம் ஒன்றான பிறகுதான் தொட வேண்டும். வண்டியைக் காப்பாற்ற நினைத்தால் மழை எச்சரிக்கை வந்த அன்றே மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றுதான் வழி.

மின்சாரம்தான் பெரிய கவலை. நம் பக்கம் மீட்டர் போர்டு பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேதான். தண்ணீர் வரும் முன்பே, கால் காய்ந்திருக்கும்போதே ஷட்டர் லைனின் எம்.சி.பி.யை (போர்டில் அந்த லைனுக்கான சுவிட்சை) இறக்கிவிடுங்கள். தண்ணீர் தேங்கிவிட்டால் அதில் இறங்கிப் போர்டைத் தொடக் கூடாது; மின்வாரியத்துக்குச் சொல்லித் தெருவிலேயே நிறுத்தச் செய்யுங்கள். மோட்டாரை மாற்றும்போது அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த், கண்ட்ரோல் பெட்டி போன தடவைத் தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு அடிக்கு மேல். ஸ்லைடிங் கேட் மோட்டார் உள்ளவர்கள் அதைத் தரையில் வைக்காமல் கான்கிரீட் மேடை கட்டி ஏற்றலாம். மோட்டார் பற்றி ஓட்டும், கேட்டில் இருக்கும் பல் சட்டத்தையும் அதற்கேற்ப உயர்த்திக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் கைடில் சேறு இருக்கும்போதே ஷட்டரை ஏற்றாதீர்கள். ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கம் ஏறி, பட்டை முறுக்கிக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, இரு பக்கமும் ஆள் நின்று சமமாக ஏற்றுங்கள்.

மின்தடைக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிக் கீழ்த்தளத்தில் வைக்கலாம் என்றிருக்கிறோம். ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதுமா? மின்சார ஸ்கூட்டரும் அங்கேதான் சார்ஜ் ஏறுகிறது.
— வாசகி, தண்டையார்பேட்டை

போதாது. பாதியென்ன, முழுக்கத் திறந்தாலும் போதாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மாடிப்படி வழியாக மேலே ஏறித் தூங்குகிறவர்களை எழவிடாமல் செய்துவிடும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் காரணம் யோசிக்காமல் முதலில் வெளியே வாருங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வெட்டவெளியில் இருக்க வேண்டும். தண்டையார்பேட்டை மனைகளில் 20 அடி தள்ளினால் அது அடுத்த வீட்டு வாசல். ஆகையால் இன்வெர்ட்டரே உங்களுக்குச் சரி. குளிர் இன்ஜினைச் சூடேற்றுகிறேன் என்று மூடிய ஷட்டருக்குள் பைக்கை ஓடவிடுவதும் இதே கணக்குதான்.

ஸ்கூட்டருக்கு: வண்டியோடு வந்த சார்ஜர், தனி எம்.சி.பி. உள்ள 16 ஆம்பியர் பிளக், நீட்டிப்பு ஒயர் கூடாது. படிக்கட்டின் வாயில் நிறுத்தாதீர்கள். பேட்டரி பற்றினால் நீங்கள் இறங்கி ஓடவேண்டிய வழி அது. வீட்டுக்கு அந்த ஷட்டர் ஒன்றுதான் வாசல் என்றால், மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கும் ஏற்பாடு உள்பக்கத்திலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, வீட்டில் எல்லாரும் ஒரு தடவை செய்து பழகுங்கள்.

புது வீட்டுக்கு, வெளிநாட்டில் இருப்பது போல மேலே மடிந்து போகும் பலகைக் கதவு போட்டிருக்கிறோம். தொங்கும் சிவப்புக் கயிறு எதற்கு?
— வாசகர், மாதவரம்

மின்சாரம் போனால் அதை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்துக் கையால் தூக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கதவு மேலே நிற்கும்போது இழுக்காதீர்கள். ஸ்பிரிங் முறிந்திருந்தால் கதவு அப்படியே விழும். முதலில் கதவு முழுக்க இறங்கியிருக்கட்டும், பிறகு இழுங்கள்.

இந்த வகைக் கதவில் இரண்டு பலகை சேரும் இடுக்கு விரலை நறுக்கக்கூடியது; விரல் நுழையாத மூடு விளிம்பு உள்ள பலகையா என்று பாருங்கள். ஸ்பிரிங் வாசலுக்கு மேலே ஒரே தண்டில் இருந்தால் முறுக்கு ஸ்பிரிங். இரு பக்கமும் தண்டவாளத்தோடு நீண்டு இழுபடுவது இழுவை ஸ்பிரிங். அது அறுந்தால் சாட்டை போல் பறக்கும். அதன் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எஃகுக் கேபிள் ஒன்று கோத்துக் கட்டியிருக்க வேண்டும். உங்கள் கதவில் அது இல்லையென்றால் போட்டவரைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பக்கம் வண்டியை மட்டும் நிறுத்துங்கள்.